முகத்தை வைத்துக் கலர் பார்த்தேன்

பழவங்காடியில், கணபதி கோயிலைத் தாண்டி உள்ளே திரும்பும் ஒரு சந்தில் பதினேழு வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம் கேட்கும். கல்ஃபுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் படம், பெண் கேட்டு வரும் வீட்டுக்கு அனுப்பும் படம், பிள்ளைக்குச் சோறூட்டிவிட்டு மொத்தக் குடும்பமும் வேர்வையோடு வந்து நின்று எடுத்துக்கொள்ளும் படம். இவ்வளவுதான் என் தொழில். பொத்தானை எவன் வேண்டுமானாலும் அமுக்கலாம். என் பெருமையெல்லாம் கலரில் இருந்தது.

அப்போது கலர் பிரிண்ட் லேபிலிருந்துதான் வரும். வந்ததும் முகத்தைப் பார்ப்பேன். முகத்தில் மஞ்சள் அடித்தால் அப்படியே திருப்பி அனுப்புவேன். அவர்கள் மஞ்சளைக் குறைத்தால் பின்னால் தொங்கும் வெள்ளைத் திரை நீலமாகிப் போகும். லேப்காரன் அதைக் காட்டிப் புலம்புவான். "மாப்பிள்ளை வீட்டுக்காரன் பொண்ணைப் பாப்பானா, துணியைப் பாப்பானா?" என்று சண்டை போடுவேன். முகம் சரியாக விழுந்தால் படம் சரி. எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதுவும் என் தொழிலில் எவனாவது கையை வைத்தால் கேட்கவே வேண்டாம். கிழக்கேகோட்டை வட்டாரத்தில் என்னை வாய்க்கொழுப்புக்காரன் என்றார்கள், ஆனால் படம் எடுக்க என்னிடம்தான் வந்தார்கள்.

பிறகு டிஜிட்டல் வந்தது. எதிர்க் கடையில் கம்ப்யூட்டர் வைத்துக் கால்மணி நேரத்தில் படம் கொடுத்தார்கள். என் கடையில் ஈ ஓட்டினேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷத்தில் ஷட்டரை இறக்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் மாநில எல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வீடியோ காமிரா பிடிக்க ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். களியக்காவிளை போகும் பஸ்ஸில் ஏறி, எல்லைக்குச் சற்று முன்னால் இறங்க வேண்டும். சிறிய ஆஸ்பத்திரி, நாற்பது கட்டில் இருக்கும். சிட்டியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் நெஞ்சு டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் அங்கிருந்தபடியே டிவியில் இங்குள்ள நோயாளிகளைப் பார்ப்பார் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாடி பிடிக்காமல் என்ன வைத்தியம் என்று வாய்விட்டே கேட்டேன். ஆனாலும் போய்ச் சேர்ந்தேன்.

திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார், ரிப்பன் வெட்டினார், டிவியில் தெரிந்த டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் போன அரை மணியில் லைன் அறுந்துவிட்டது. முதல் மாதம் முழுக்க அதே கதை. மழை தூறினால் லைன் போகும், கரண்டு போகும், பாட்டரி பத்து நிமிஷம் தாங்கும். டாக்டரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும், குரல் மட்டும் எங்கிருந்தோ வரும். ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப ஒரு மூச்சு விடும் நேரம் ஆகும். அதற்குள் இவர்கள் மறுபடி பேச, அவரும் மறுபடி கேட்க, இரண்டும் மோதிக்கொள்ளும். நான் ஒரு வழி செய்தேன். பேச வேண்டிய நேரத்தில் விரலை உயர்த்துவேன், விரலைப் பார்த்துப் பேசுங்கள் என்று சொல்லிவைத்தேன்.

பெண்கள் டிவியில் டாக்டர் தெரிந்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார்கள். வயிற்றுப்போக்கு பற்றிக் கேட்டால் பெட்டிக்குள் வேறு யார் யார் இருக்கிறார்களோ என்று தயங்குவார்கள். இதையெல்லாம் கேலி செய்தவன்தான் நான். ஆனால் மூன்றாம் மாதத்தில் என் வாய் அடங்கிவிட்டது. விடியுமுன் பஸ் பிடித்து, சிட்டியில் வரிசையில் நின்று, சாயங்காலம் வரை காத்திருந்து, மறுநாள் வா என்று திருப்பி அனுப்பப்பட்ட ஜனங்கள், இங்கே பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்கு வீடு திரும்பினார்கள். கொத்து வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த தமிழ் ஆட்கள்தான் பாதிப்பேர். ஒரு நாள் வேலையை விட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். அவர்களுக்கு அந்தப் பெட்டி பெரிய உபகாரம். இன்றும் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என்னாலும் ஆனதைச் செய்தேன். ஸ்டூடியோ விளக்குகளைக் கொண்டுவந்து வைத்தேன். ஸ்டூலுக்குப் பின்னால் இருந்த சுவரில் நாள்காட்டியும் ஆணியும் வேண்டாம் என்று எடுக்கச் சொல்லி, வெள்ளையடிக்க வைத்தேன். டாக்டருக்குச் சந்தோஷம். "படம் கொள்ளாம் கேட்டோ" என்று, படம் நன்றாக இருக்கிறதென்று, எல்லாரும் கேட்கச் சொன்னார். மற்ற ஊர்களில் இருந்து வருகிற படத்தில் ஆணா பெண்ணா என்றே தெரியவில்லையாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைந்தேன்.

பிறகு வந்த வருஷங்களில் அப்படிப்பட்ட அறைகள் மலையோரத்திலும் கடலோரத்திலும் பலவாகின. சிலவற்றுக்கு நானே போய்க் காமிரா மாட்டிக் கொடுத்தேன். அங்கெல்லாம் இரண்டு வழக்கங்கள் உண்டு. நோயாளியின் தோள் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை இருக்கும். டிவியைப் போடுவதற்கு முன்னால் சிஸ்டர் நோயாளியை ஜன்னலருகே கூட்டிப்போய், கண்ணையும் நாக்கையும் நகத்தையும் பார்த்து எழுதிவைப்பார். இரண்டும் நான் கேட்டு வாங்கியவை. ஏன் கேட்டேன் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் மட்டும் பிற்பாடு சொன்னேன். ஒரு பெண்ணின் உயிர் அந்த அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கத்தவள், கட்டட வேலையில் சித்தாள். புருஷன் பெயிண்ட் அடிக்கிறவர். ஆஸ்பத்திரிக்கு இரண்டு ஸ்டாப் தள்ளி வாடகை வீட்டில் இருந்தார்கள். மகன் ஊரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். இருமலில் ரத்தம் வந்து, டிபி என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் டிவியில் விரலை ஆட்டிச் சொன்னார். மாத்திரையால் மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். புருஷன் பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவள் தனியாகத்தான் வந்தாள்.

வரும்போதெல்லாம் தலையை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வருவாள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் அதே கேள்விதான்.

"அண்ணாச்சி, டாக்டருக்கு என் மொகம் நல்லாத் தெரியுதா?"

"நேர்ல இருக்கதைவிட நல்லாத் தெரியுது" என்பேன்.

"பொய் சொல்லுதிய" என்று சிரிப்பாள். பிறகு என் விரலைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. சிட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதுதான். அங்கே படுக்க வைத்தால் வேலை போகும், மகனுக்கு விஷயம் தெரியும், அவன் படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பான். "இந்த டிவியே போதும் அண்ணாச்சி. ஆறு மாசத்தை இதுலயே கழிச்சிருவேன்" என்று ஒரு நாள் சொன்னாள். நானும் நிச்சயம் கழித்துவிடலாம் என்றேன். சொல்ல நான் யார் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, அவள் வந்த அன்று காலையிலிருந்தே மழை. கரண்டு போய்ப் போய் வந்தது. ஸ்டூடியோ விளக்குகளை எரித்தால் பாட்டரி தாங்காது என்று அவற்றை அணைத்துவிட்டு, ஒரு குண்டு பல்பை மட்டும் போட்டிருந்தோம். குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத்தான் விழும், தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும். அதற்காக ஒவ்வொரு முறை விளக்கு மாறும்போதும் காமிராவுக்கு ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. ஆனால் லைன் அதற்குள் இரண்டு முறை அறுந்திருந்தது. சிஸ்டர் ஒரு காதில் போனும் மறு காதில் ஹெட்ஃபோனுமாக நின்றார். டாக்டர் டிவியில் தோன்றி, "வேகம், வேகம்" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். டிவியில் முகம் மஞ்சளாக வந்தது. பல்பின் மஞ்சள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாகவே காமிராவின் கலர் திருகுக்குப் போய்விட்டது. பதினேழு வருஷப் பழக்கம். முகத்தை வைத்துத் திருகினேன். மஞ்சள் குறையக் குறைய முகம் தெளிந்தது. நல்ல மாநிறம் வந்ததும் நிறுத்தினேன். பின்னால் சுவர் லேசாக நீலம் காட்டியது. அதைப் பார்க்கவும் செய்தேன். சுவருக்கா வைத்தியம் என்று விட்டுவிட்டேன்.

"அம்மா, பசி உண்டோ?" என்று கேட்டார் டாக்டர்.

"வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல டாக்டர். ரெண்டு நாளா ஓங்கரிப்பா வருது."

"மழைதானே, வயிறு கேடாயிருக்கும்" என்று அவர் தனக்குள் சொல்வது போலச் சொன்னார். ஆனாலும் விட்டுவிடவில்லை. அவர் கவனமான டாக்டர், அதை நான் எழுதியே ஆக வேண்டும். "சிஸ்டர், கண்ணொந்நு காணிக்கூ" என்றார். கண்ணைக் காட்டச் சொன்னார்.

காமிராவை நெருக்கினேன். சிஸ்டர் அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்தார். இழுத்துப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் டிவியைப் பார்த்தார். நானும் டிவியைப் பார்த்தேன். டாக்டர் அங்கே தன் டிவியைப் பார்த்தார். அவளும் கண்ணைத் திருப்பி டிவியில் தெரிந்த தன் கண்ணையே பார்த்தாள். பெரிதாக, தெளிவாக, வெள்ளையாக இருந்தது.

"மதி. மஞ்சள் இல்ல. மருந்து நிறுத்தண்டாம் கேட்டோ. ரெண்டு ஆழ்ச்ச கழிஞ்ஞு வா." போதும், மருந்தை நிறுத்தாதே, இரண்டு வாரம் கழித்து வா என்றார்.

எழுந்தபோது என்னைப் பார்த்து, "நல்லா விழுந்துச்சா?" என்று கேட்டாள். அருமையா விழுந்திச்சு என்றேன். குடையை விரித்துக்கொண்டு போனாள்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஸ்டூல் காலியாக இருந்தது. அடுத்த பேரைக் கூப்பிட்டோம். எல்லாரையும் பார்த்து முடித்த பிறகு டாக்டர் எங்களை இருக்கச் சொன்னார். வேலை செய்யும் இடத்தில் அவள் மயங்கி விழுந்ததையும், சிட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்ததையும், ஐந்தாம் நாள் உயிர் போய்விட்டதையும் சொன்னார். மஞ்சள்காமாலை. அந்த மாத்திரை சிலருக்கு ஈரலைப் பிடிக்குமாம். கண்ணில் மஞ்சள் தெரிந்த அன்றே மாத்திரையை நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்களாம். அவளோ கடைசி நாள் வரை ஒரு வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறாள்.

"அந்நு ஞான் கண்ணு நோக்கியதல்லே? வெளுத்தல்லே இருந்நது?" என்று டாக்டர் கேட்டார். அன்றைக்குக் கண்ணைப் பார்த்தேனே, வெள்ளையாகத்தானே இருந்தது என்கிறார். அவர் எங்களைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

பார்த்ததையெல்லாம் டேப்பில் பதிந்துவைப்பது அங்கே வழக்கம். அன்று எல்லாரும் போன பிறகு பீரோவைத் திறந்து அந்த டேப்பை எடுத்துப் போட்டேன். முதல் ஆறேழு விநாடி, என் கை திருகுக்குப் போகுமுன் உள்ள பகுதி. அவள் உட்காருகிறாள், தலையைச் சரிசெய்கிறாள். பின்சுவர் பல்பு வெளிச்சத்தில் கொஞ்சம்தான் மஞ்சளாக இருக்கிறது. அவள் முகமும் கண்ணும் அதைவிட எவ்வளவோ மஞ்சளாக இருக்கின்றன. குழந்தைகூடச் சொல்லிவிடும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். காமாலையே எதிரில் வந்து உட்கார்ந்தும் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அதைத் துடைத்து, வெள்ளையாக்கி, டாக்டருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். லைன் மோசம், மழை, பல்பு வெளிச்சம், படத்தின் தரம் போதாது என்று பேசினார்கள். லைன் மோசம் என்று சொன்னவர்களோடு சேர்ந்து நானும் தலையாட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். லைனுக்கு வாயில்லை, அது திருப்பிச் சொல்லாது. சிஸ்டர் மட்டும் என்னை இரண்டொரு தடவை பார்த்தார். நான் பார்க்கவில்லை. ஊரெல்லாம் சண்டை போட்ட வாய்க்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. பயந்துபோயிருந்தேன், அதுதான் உண்மை. வேலை போய்விடும் என்று பயந்தேன், அதைவிட என் கையை நானே நம்ப முடியாமல் போய்விடும் என்று பயந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவள் புருஷன் வந்தார். டாக்டர் இல்லாத நாள், நான் மட்டும் அறையில் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது. மொட்டையடித்த தலையில் முடி இன்னும் முளைக்கவில்லை. நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட்.

"அண்ணாச்சி, அவ படம் ஒண்ணு வேணும். ரேசன் கார்டுல உள்ளதுதான் இருக்கு. அதுல ஆளே தெரியல. இங்க டிவியில எடுத்து வைச்சிருக்கியளாமே."

இருக்கிறது என்றேன். கம்ப்யூட்டரில் பிடித்துப் பிரிண்ட் போட்டுத் தரலாம் என்றேன். டேப்பைப் போட்டேன். அந்த முதல் ஆறேழு விநாடியைத் தாண்டி ஓட்டிவிட்டுத்தான் நிறுத்தினேன். தெரிந்தே செய்தேன்.

டிவியில் அவள் வந்தாள். என் விரலைப் பார்த்துக்கொண்டு, தெளிந்த முகத்தோடு, பொட்டோடு. அவர் கிட்டப் போய் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்திருக்கா" என்றார். "இது என்னைக்கு எடுத்தது?"

கடைசியாக வந்த அன்று என்றேன்.

அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. "எனக்கு அப்பவே கண்ணு மஞ்சளாத் தோணுச்சு அண்ணாச்சி. வெளியில வெயில்ல வைச்சுப் பாத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். அவதான், நேத்துதானே டாக்டர் டிவியில கண்ணை இம்புட்டுப் பெருசாப் பாத்தாவ, மஞ்சள் இல்லன்னுட்டாவ, நீரு டாக்டரைவிடப் பெரிய ஆளான்னு கேட்டா. நானும் நாம பெயிண்ட் அடிச்சு அடிச்சுக் கண்ணு கெட்டுப்போச்சுன்னு விட்டுட்டேன்." நிறுத்தி, டிவியை மறுபடி பார்த்தார். "இதுலயும் இல்லியே. அப்போ என் கண்ணுதான் தப்பு. அதுக்குப் பொறவுதான் வந்திருக்கு."

அவர் ஆறுதல் தேடி அப்படிச் சொன்னாரா, தெரியவில்லை. அவர் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. நாங்கள் நாலு பேர், இரண்டு டிவி, ஒரு காமிரா, சிட்டி வரை ஒரு லைன் எல்லாம் சேர்ந்து காணாததை அந்த மனிதர் வாசலில் வெயிலில் நிறுத்திக் கண்டுபிடித்திருக்கிறார். இப்போது என் படத்தைப் பார்த்துத் தன் கண்ணைப் பொய் என்கிறார்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவர்தான் திறக்க வைத்தார். நிறத்தோடு பிழைக்கிறவர் அல்லவா? டிவியில் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். திரும்பி அறையின் சுவரைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார்.

"இந்தச் சுவருதான அது?"

"ஆமா."

"இது நல்ல வெள்ளையால்லா இருக்கு. அதுல ஏன் நீலம் அடிக்கி?"

சுவரைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்று பதினேழு வருஷம் எத்தனையோ பேரிடம் சொன்னவன் நான். அவரிடம் சொல்ல முடியவில்லை. டேப்பைப் பின்னால் ஓட்டினேன். முதல் விநாடியிலிருந்து போட்டேன். அவள் வந்து உட்கார்ந்தாள், தலையைச் சரிசெய்தாள். மஞ்சள். பிறகு சுவர் மெல்ல மெல்ல நீலத்துக்குப் போக, அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"அந்த மஞ்சளை எடுத்தது நான்தான்" என்றேன். "பல்பு வெளிச்சம்னு நெனச்சிட்டேன். படம் நல்லா விழணும்னு திருகினேன். டாக்டர் பாத்தது நான் திருகினப்புறம் உள்ளது. உங்க கண்ணு சரி. உங்க கண்ணு மட்டுந்தான் சரி."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் போய் அவள் உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். காமிராவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்க அன்னைக்கும் இங்கனதான் நின்னிய?"

"ஆமா."

கையை நீட்டினார். விரல் என் சட்டைப் பொத்தானில் பட்டது. நடுவில் ஒரு கை தூரம்தான். பட்டதும் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பாரத்தையும் அவர் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் எழுந்தார். "மொதல்ல வந்துச்சே, அந்தப் படத்தைப் போட்டுத் தாங்க" என்றார்.

"அதையா?"

"அதைத்தான். வீட்ல நான் பாத்த மொகம் அதுதான்."

டேப்பை நிறுத்தி, அந்த முதல் விநாடியைக் கம்ப்யூட்டரில் பிடித்தேன். அவள் தலையில் கை வைத்தபடி, இன்னும் என் விரலைப் பார்க்கத் தொடங்காமல் இருந்தாள். முகம் மஞ்சள், கண் மஞ்சள். பிரிண்ட் போடுமுன் கலர் சரிபார்க்கும் கட்டம் திரையில் திறந்தது. என் கை அதை நோக்கிப் போனது. சத்தியமாக நான் அனுப்பவில்லை, அது தானாகப் போனது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்தவில்லை, சும்மா பிடித்தார்.

"தொடாண்டாம் அண்ணாச்சி" என்றார். "அவளை அப்படியே விட்டிருங்க."

கையை எடுத்துக்கொண்டேன். பிரிண்ட் வரிவரியாக வெளியே வந்தது. மை காயும் வரை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பழைய பேப்பருக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.